பைப்பு அளந்த தூரம்

கருப்பண்ணனுக்குச் சட்டை எடுக்கப் போன அன்று பாப்பாரப்பட்டி ஜவுளிக்கடைக்காரர் தலையில் கை வைக்காத குறைதான். அவர் ஒவ்வொரு சட்டையாகப் பிரித்துப் போடப் போட, கருப்பண்ணன் மனைவி ராணியம்மாள் தாலிக்கயிற்றில் கிடந்த ஊக்கைக் கழற்றி, அதில் வீட்டுச் சாவியைக் கோத்து, சட்டையின் நெஞ்சுப் பக்கம் குத்தித் தொங்கவிட்டுப் பார்த்தாள். துணி இழுத்துக்கொண்டு சரிந்தால் அடுத்த சட்டை. சட்டை எடுக்க வந்தீர்களா, சாவி மாட்ட ஆணி தேடி வந்தீர்களா என்று கடைக்காரர் கேட்டே விட்டார்.

"எம் பொண்ணு பதக்கம் குத்தப் போவுதுங்க. தொங்குனா அசிங்கம்" என்றாள் அவள்.

பெண் பேர் தேவிப்பிரியா. இருபது வயசு. ஏழு மாசமாகப் பெங்களூரில் ராணுவப் போலீஸ் பயிற்சியில் இருக்கிறாள். வருகிற சனிக்கிழமை பயிற்சி முடிந்து அணிவகுப்பு. அன்றைக்குப் பெற்றவர்களையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, பிள்ளைகள் கையாலேயே அப்பா அம்மா நெஞ்சில் பதக்கம் குத்தச் சொல்வார்களாம். கெட்டித் துணியாகச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள் என்று போனில் சொன்னதே அவள்தான். அந்தப் போனை வைத்ததிலிருந்து கருப்பண்ணன் தரையில் நடக்கவில்லை. பால் ஊற்றப் போன இடத்தில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், ஊருக்கு வழி கேட்டு வண்டியை நிறுத்திய உர வியாபாரியிடம்கூட வழியைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொன்னார். சொல்லட்டும், என்ன இப்போ? பெற்றவனுக்கு அந்த உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

ஏழாம் சட்டை சாவியைத் தாங்கியது. இளநீல நிறம். அதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஆனந்தம் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் நிலைத்தது. அன்று விடிய இவர் பறித்த தக்காளியைப் பாலக்கோடு மண்டியில் இறக்கிவிட்டு, சொட்டுநீர்ப் பைப்பு ஒரு சுருள் வாங்க சின்னராஜ் கடைக்குப் போனார். புதுசாக ஒரு துண்டு நிலத்துக்குக் குச்சி நட்டுக் கயிறு கட்டியாகிவிட்டது, பைப்பு மட்டும்தான் பாக்கி. சின்னராஜ் எப்போதும் கொடுக்கிற பன்னிரண்டு எம்எம் பைப்பையே தூக்கி வந்து போட்டான்.

"இது நானூறு மீட்டரு. என் நெலத்துக்குக் கச்சிதமா வந்துரும்" என்றார் கருப்பண்ணன், அவனுக்கே பாடம் எடுப்பது போல.

"நானூறுங்களா? இது ஐநூறுங்கண்ணா. அந்தப் பெரிய பைப்பு, பதினாறு எம்எம், அதுதான் நானூறு. மூணு வருசமா உங்களுக்கு ஐநூறுதான குடுக்கறன். மிச்சம் வந்திருக்குமே?"

மிச்சம் வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது. தன் அளவுத் திறமையால்தான் மிச்சமாகிறது என்று கருப்பண்ணன் பெருமைப்பட்டு, அந்த மிச்சத்தில் துணி காயப்போடக் கொடி கட்டியிருந்தார். இப்போது சுருளில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். ஐந்நூறு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர் சுருளைத் தூக்கவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிவிட்டதா, தண்ணி குடிக்கிறீங்களா என்று சின்னராஜ் பதறிப்போனான்.

விஷயம் என்னவென்றால், கருப்பண்ணன் அந்தப் பக்கத்துக்கே அளவுக்காரர். வரப்புத் தகராறா, கல்யாணப் பந்தலா, கூப்பிடு அவரை. கருப்பண்ணன் அளந்தால் கடவுள் அளந்த மாதிரி என்று ஊரில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவரேதான் என்பது ராணியம்மாளின் கட்சி.

மூன்று வருசத்துக்கு முன்னால், பட்டாளத்தில் பெண்களையும் எடுக்கிறார்கள், ஆயிரத்து அறுநூறு மீட்டரை எட்டு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும் என்று தேவிப்பிரியா வந்து நின்றபோது, அப்பன்காரர் ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. ஓடட்டும் என்றார். தூரத்தை நானே அளந்து தருகிறேன் என்றார். வாங்கி வைத்திருந்த புதுப் பைப்புச் சுருளை முனியப்பன் கல்லிலிருந்து ஏரிக்கரையோடு உருட்டிக்கொண்டே போனார். பைப்பு முடிந்த இடத்தில் ஒரு புளியமரம். கல்லிலிருந்து மரம் நானூறு. போய் வந்து, மறுபடியும் போய் வந்தால் ஆயிரத்து அறுநூறு. அவர் கணக்கு அப்படி. உண்மையில் அந்தப் பிள்ளை ஓடியது இரண்டாயிரம். காலையில் காலையில், பனியில், பறிப்பு இல்லாத நாளெல்லாம், இரண்டாயிரம்.

கருப்பண்ணன் கல்லடியில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவள் மூச்சு வாங்க வந்து நின்றதும் நேரத்தைச் சொல்வார். பிறகு வீட்டுக்கு வந்து, மாட்டுக்கொட்டகையின் வெள்ளையடித்த சுவரில் தேதி போட்டு, நேரத்தைக் கரித்துண்டால் எழுதுவார். பத்து நாப்பது, பெயில். பத்து இருபத்தஞ்சு, பெயில். பத்து பத்து, பெயில். எழுதினால்தான் ரோஷம் வரும் என்பது அவர் சித்தாந்தம். மாட்டுக்குத் தீனி போடப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் அதைப் படித்துக்கொண்டே போடுவாள்.

அந்த முதல் வருசம் எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். ஓட்டத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு வந்தது. அப்போது அவள் நேரம் ஒன்பது நிமிஷம் பத்து வினாடி. எட்டுக்குள் ஓட வேண்டிய இடத்தில் ஒன்பது பத்தை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வாய், ஊர்ச் சிரிப்புக்கா என்று கேட்டார் கருப்பண்ணன். தோத்தால் தோக்கட்டும், ஓடிவிட்டு வரட்டும் என்று ராணியம்மாள் மன்றாடினாள். கேட்டால்தானே. ஓட்டத்தன்று தேவிப்பிரியா தக்காளிக் காட்டில் இருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பறித்தாள். அவள் கிரேடுப் பெட்டி நிரம்பி நிரம்பிப் போனது, இரண்டு கூலிக்காரப் பெண்கள் சேர்ந்து பறித்ததைவிட அவள் ஒருத்தி பறித்தது அதிகம். பார்த்தீர்களா, பெண்ணுக்கு வருத்தமே இல்லை என்று அன்று மாலை கருப்பண்ணன் மனைவியிடம் சொன்னார். இப்படியும் ஒரு மனிதர்.

இதற்கு நடுவில் இன்னொன்று. ஒரு நாள் அவள் அம்மாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டு வந்து, "ப்பா, இதுல ரெண்டு கிலோமீட்டருன்னு காட்டுதுங்க" என்றாள். "டவரே எடுக்காத ஊருல போனுக்கு என்னா தெரியும்? பைப்பு பொய் சொல்லாது ஆயா" என்றார் இவர், மகளை ஆயா என்று செல்லமாகக் கூப்பிடுவது இவர் வழக்கம். அவள் சரி என்று போய்விட்டாள்.

மறு வருசம் ராணியம்மாள் கேட்கவில்லை. எட்டு இருபது என்று சுவரில் எழுதியிருந்தாலும், பெயில் என்று பக்கத்தில் போட்டிருந்தாலும், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று மகளோடு பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஓடிய நூற்றுச் சொச்சம் பெண்களில் தேவிப்பிரியா முதலாவதாக வந்தாள். ஆறு நிமிஷம் முப்பத்தெட்டு வினாடி. கருப்பண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அது எப்படி ஒரே நாளில் இவ்வளவு குறைந்தது என்று யாரோ கேட்டதற்கு, அந்த மைதானம் சமதளம், நம் ஏரிக்கரை மேடு பள்ளம் என்று அடித்துச் சொன்னார். அவரும் அப்படியே நம்பினார்.

சின்னராஜ் கடைச் சுருள் மேல் உட்கார்ந்திருந்தபோது இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. ஒன்பது பத்தில் ஐந்தில் ஒன்றைக் கழித்தார். ஏழு இருபது வந்தது. மறுபடியும் கழித்தார். அதே ஏழு இருபதுதான். முதல் வருசமே அவள் தேறியிருப்பாள். பெண்ணுடைய ஒரு வருசத்தை அவர் கொட்டகைச் சுவரில் கரியால் அழித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாலக்கோட்டில் பஸ் ஏறினார்கள். ராணியம்மாள் மடியில் ஒரு தூக்கு, அதில் மகள் கேட்ட நிலக்கடலை உருண்டை. செவ்வாயிலிருந்து கருப்பண்ணன் களி உருண்டையைப் பாதியில் வைத்துவிட்டு எழுவதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெண்ணைப் பிரிந்து நாளாகிவிட்டது, அந்த ஏக்கம் என்று விட்டுவிட்டாள். ராயக்கோட்டை தாண்டியதும் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அவள் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஓசூர் வரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. கருப்பண்ணனுக்குத் திட்டு வாங்கிப் பழக்கம் உண்டு, இந்த மௌனம் பழக்கமில்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் வண்டி நின்றபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"அந்த வருசம் நா எத்தன தடவ சொன்னங்க? உங்க கால்ல வுழாத கொறயா கேட்டன்."

"தப்புதான்."

"புள்ள அன்னிக்கி ராத்திரி சோறு திங்கல. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அவள் தூக்கை இன்னொரு பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். "நாளைக்கி அவகிட்ட சொல்லிருங்க. சொல்லாம அந்தப் பதக்கத்த நெஞ்சுல வாங்காதீங்க. அது எம் புள்ள ஓடி வாங்குனது."

"ஆபீசருங்கெல்லாம் நிப்பாங்களே, எப்பிடிச் சொல்றது?"

"வாயாலதான்."

எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் நெரிசலில் வண்டி நின்றபோது, அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முதலில் அவரிடம்தான் நீட்டினாள். இந்த மனுஷிக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன் என்று நினைத்துக்கொண்டே அவர் வாங்கிக் குடித்தார்.

காலையில் மைதானம் கழுவி விட்டது போல இருந்தது. நாற்காலிகளில் எல்லா ஊர் அப்பா அம்மாக்களும். பாண்டு வாத்தியம் முழங்க, நூறு பெண்கள் ஒரே உயரம், ஒரே உடை, ஒரே குட்டைமுடி என்று அடி வைத்து வந்தபோது ராணியம்மாள் தவித்துப்போய்விட்டாள். எது என் பெண், எது என் பெண் என்று கணவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மூணாவது வரிசை, ஓரத்துலருந்து ரெண்டாவது" என்றார் கருப்பண்ணன். முகம் தெரியவில்லை. இடது கை வீச்சு தெரிந்தது. ஏரிக்கரையில் இரண்டு வருசம் அந்தக் கை வீசி வருவதைப் பார்த்து நின்றவர் அவர். புளியமரத்தடியிலிருந்து திரும்பும்போதே, புள்ளியாகத் தெரியும்போதே, இன்றைக்கு எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று அந்தக் கையை வைத்துச் சொல்லிவிடுவார். இன்று அந்தக் கையில் களைப்பு இல்லை. அவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. தெய்வமே, என் முட்டாள்தனத்தையும் தாண்டி இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டாயே என்று முனியப்பனை நினைத்துக் கும்பிட்டார். தேசியப் பாட்டுக்காக எல்லோரும் எழுந்து நின்றபோது அவர் மட்டும் கும்பிட்ட கையோடேயே நின்றார்.

சத்தியப்பிரமாணம் முடிந்தது. பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினார்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தராக நடந்து வந்து எதிரில் நின்று சல்யூட் அடித்தார்கள். ஓர் அதிகாரி கையில் பதக்கத் தட்டோடு கூடவே வந்தார். தேவிப்பிரியா முதலில் அம்மாவுக்குக் குத்தினாள். ராணியம்மாள் அழுதாள், சிரித்தாள், மகளின் கன்னத்தைத் தொடப் போய், தொடலாமா கூடாதா என்று அதிகாரியைப் பார்த்தாள். அவர் தலையசைத்ததும் தொட்டாள். பிறகு திரும்பிக் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அவருக்குத் தெரியும்.

மகள் இளநீலச் சட்டையில் கை வைத்தாள்.

"ஆயா, இரு" என்றார் கருப்பண்ணன். குரல் அவருக்கே கேட்கவில்லை. "அந்தப் பைப்பு நானூறு இல்ல ஆயா. ஐநூறு. நா அளந்தது தப்பு. நீ மொத வருசமே பாஸு."

ஊசி ஒரு கணம் நின்றது. அவள் முகத்தில் ஒரு இமை ஆடவில்லை, ஏழு மாசம் அதற்குத்தானே பழக்கியிருக்கிறார்கள். அப்புறம் பதக்கத்தைக் குத்தினாள். நுனி கொஞ்சம் சதையிலும் பட்டது, அவர் அசையவில்லை. அவள் ஓரடி பின்னால் போய் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

பந்தலில் பூரியும் கிழங்கும் ஜிலேபியும் போட்டார்கள். தேவிப்பிரியா வந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தட்டைத் தொடவில்லை, தூக்கைத் திறந்து கடலை உருண்டை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் பயிற்சி கொடுத்த பெண் அதிகாரி ஒருத்தர் வந்தார். மலையாளம் கலந்த தமிழில், உங்கள் மகள்தான் இந்த அணியிலேயே ஓட்டத்தில் முதல், இங்கே வரும்போதே நன்றாகத் தயாராகி வந்தாள், ஊரில் யார் பயிற்சி கொடுத்தது என்று கேட்டார். கருப்பண்ணன் பூரியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

தேவிப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். "எங்கப்பாதாங்க மேடம்" என்றாள்.

அந்த அம்மா கருப்பண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் போனதும், கூடுதல் தூரம் ஓடியதால்தானே பாப்பா முதலாவதாக வந்தாள், எல்லாம் நல்லதுக்குத்தான் என்று ராணியம்மாள் சமாதானமாக ஆரம்பித்தாள். என்ன இருந்தாலும் மனுஷனைப் பந்தலில் வைத்துத் தலைகுனிய விட அவளுக்கு மனசு வரவில்லை.

"அது வேற, இது வேறம்மா" என்றாள் மகள். அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே போனு காட்டுச்சுங்கப்பா."

"ஆமா ஆயா."

"நா போன நம்பல. உங்கள நம்புனன்."

அவர் பிய்த்த பூரியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ஒரு வருசம் போனதுகூடப் பரவால்லீங்க. நா மெதுவா ஓடற புள்ளன்னே நெனச்சிட்டேன். மொதலா வந்தப்பவும் மைதானம் சமதளம்னு சொன்னீங்க, இங்க வந்தும் ஒரு மாசம் அப்பிடித்தான். எல்லாரும் என்னைய தாண்டிப் போயிருவாங்க, ஊட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்து பயந்து ஓடுனன். திரும்பிப் பாத்தா பின்னால கிட்டத்துல ஒருத்தரும் இல்ல. அப்பவும் நம்பல." அவள் கண் நிறைந்தது. சீருடைக் கையால் துடைக்கக் கூடாது போல, அம்மாவின் முந்தானையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

கருப்பண்ணன் பதக்கத்தைக் கழற்றப் போனார். இது உனக்குத்தான் ஆயா, நீயே வைத்துக்கொள் என்றார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"குத்துனது குத்துனதுதான். கழட்டாதீங்க. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? சொன்னீங்க பாருங்க." கடலை உருண்டையைப் பாதியாகக் கடித்து, மீதியை அவர் தட்டில் வைத்தாள். "லீவுக்கு வாரன். பேசிக்கலாம்."

ஊருக்கு வந்ததும் கருப்பண்ணன் செய்த முதல் வேலை, தருமபுரிக்குப் போய் நல்ல டேப்பு ஒன்று வாங்கி, ராணியம்மாளை ஒரு முனை பிடிக்கச் சொல்லி, கல்லிலிருந்து மரம் வரைக்கும் அளந்தது. ஐந்நூற்று இரண்டு. இரண்டாவது வேலை கொட்டகையில். இரண்டு வருசத்துக் கரியெழுத்து முழங்கால் உயரத்திலிருந்து தலைக்கு மேல் வரைக்கும் இருந்தது. அவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு நாளின் நேரத்தையும் வினாடியாக்கி, ஐந்தில் ஒன்றைக் கழித்து, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதினார். பெயில் என்று இருந்த இடத்தில் எல்லாம் பாஸ் என்று எழுதினார். பறிப்பு முடிந்து வந்து, குளிக்காமல், சாப்பிடக் கூப்பிட்டாலும் போகாமல் எழுதினார். ஒன்பது நாள் ஆனது. மாடு இரண்டும் அவரை வேடிக்கை பார்த்தன.

பத்தாம் நாள் தேவிப்பிரியா லீவில் வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கொட்டகைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கருப்பண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ராணியம்மாள் பின்னாலிருந்து தள்ளிவிட்டதால்தான் உள்ளே போனார்.

அவள் சுவரின் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஓட்டத்துக்குப் போகாமல் தக்காளி பறித்த அந்த நாளுக்கு முந்தின நாளின் வரியில் விரல் நின்றது. ஒன்பது பத்து அடிக்கப்பட்டு, ஏழு இருபது, பாஸ்.

பிறகு அவள் குனிந்து கீழே கிடந்த கரித்துண்டை எடுத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, சுவரின் அடியில் இருந்த முதல் வரிகளுக்குப் போனாள்.

"இது என்னாங்கப்பா? பத்து நாப்பதுல அஞ்சுல ஒண்ணு போனா எட்டு முப்பத்திரெண்டு. இதுக்கு எப்பிடிப் பாஸு?"

"இருக்கட்டும் ஆயா. இந்தச் செவுத்துல அந்த வார்த்தையே இனி வேணாம்னு…"

"எட்டுக்கு மேல போனா பெயிலுதாங்க. அளவுன்னா அளவா இருக்கணும்." அந்த வரியில் பாஸை அடித்துவிட்டுப் பெயில் என்று எழுதினாள். எட்டு இருபதுக்கும் எழுதினாள். எட்டு எட்டுக்கும் எழுதினாள். அதற்கு மேலே போய் ஏழு ஐம்பத்திரண்டு, பாஸ் என்று இருந்ததைத் தொடவில்லை. அங்கிருந்து சுவர் முகடு வரைக்கும் இருந்த எதையும் தொடவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

கருப்பண்ணன் அந்த மூன்று பெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எழுதிய பாஸையெல்லாம் அவள் இப்போதுதான் நம்பியிருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அழட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "நாளைக்கி வெள்ளனே போன எடுத்துக்கிட்டு கல்லுகிட்ட வந்துருங்க" என்றாள் மகள். "டேப்பு புடிச்சி நானூறுல ஒரு குச்சி நடுங்க. அம்மா மறுமுனையப் புடிக்கட்டும்."